ஊசி இறங்கிய இடம்

கொரோனா இரண்டாம் அலை அடங்கி, செம்பூரில் நான் வேலை பார்க்கிற பியூட்டி பார்லரை மறுபடி திறந்தபோது முதலாளியம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். எல்லாரும் தடுப்பூசி போட்டுக்கொண்டுதான் வேலைக்கு வர வேண்டும். வருகிறவர்களின் முகத்துக்கு மேலே குனிந்து மூச்சு விடுகிற வேலை இது, வேறு வழியில்லை என்றார். எங்களில் யாருக்கும் அதில் மறுப்பு இல்லை. முதல் அலையின்போது தாராவியில் எங்கள் சந்துக்குள் ஆம்புலன்ஸ் நுழைய முடியாமல், அண்டை வீட்டு அண்ணாச்சியை நாற்காலியில் உட்கார வைத்து மெயின் ரோடு வரை தூக்கிப் போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. ஊசி வந்துவிட்டது என்றபோது எனக்கு நிம்மதிதான் வந்தது.

பார்லருக்குப் பின்னால் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி முகாம் போட்டது. முதலாளியம்மாவே பணம் கட்டி எங்களையும் அதில் சேர்த்துவிட்டார். குடியிருப்புக்காரர்களின் சொசைட்டி ஹாலில் வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள். என் முறை வந்ததும் போய் உட்கார்ந்தேன். ஊசி போடுகிற பெண் நின்றுகொண்டிருந்தாள். நான் போட்டிருந்த குர்த்தியின் கை இறுக்கமாக இருந்ததால் மேலே சுருட்ட வரவில்லை. அவள் கழுத்துப் பக்கத்தை இழுத்து இறக்கி, வலது தோளை மட்டும் வெளியே எடுத்து, அங்கேயே போட்டுவிட்டாள். எனக்குப் பின்னால் நீளமான வரிசை. காலையிலிருந்து நின்றுகொண்டே போட்டுக்கொண்டிருப்பாள் போலிருக்கிறது. கண்ணாடிக்குள் அவள் கண்கள் களைத்திருந்தன. பஞ்சை வைத்து அழுத்திக்கொள்ளச் சொன்னாள். எலும்பு வரைக்கும் ஏதோ சுரீரென்று போனது. ஊசி என்றால் வலிக்கத்தானே செய்யும் என்று வந்துவிட்டேன்.

கூடப் போட்டுக்கொண்ட பெண்களுக்கெல்லாம் ஓரிரு நாளில் வலி போயிற்று. எனக்குப் போகவில்லை. வாரம் ஆக ஆக வலியை விட மோசமான ஒன்று வந்தது. கை மேலே ஏற மறுத்தது. தோள் மட்டம் வரை வரும், அதற்கு மேல் யாரோ உள்ளே இருந்து பிடித்துக்கொள்வது போல நின்றுவிடும். ரயிலில் மேலே தொங்குகிற பிடியைப் பிடிக்க முடியவில்லை. ரவிக்கைக் கொக்கி போட முடியவில்லை. என் தலையை நானே சீவ முடியவில்லை. மற்றவர் தலைமுடியை வெட்டி, சாயம் பூசி, சூடு காட்டி நிமிர்த்துவதுதான் என் பிழைப்பு. அதற்கு இரண்டு கையும் நாள் முழுக்க உயர்ந்தே இருக்க வேண்டும்.

என் கணவர் அணுசக்தி நகர் ஊழியர்களை ஏற்றிப் போகிற பஸ் ஓட்டுகிறார். விடியும் முன்னே போய், ஆட்களை இறக்கிவிட்டு வந்துவிடுவார். சாயங்காலம்தான் அடுத்த ஓட்டம். அதனால் என் தலையைப் பின்னிவிடுகிற வேலை அவரிடம் போய்ச் சேர்ந்தது.

"ஏட்டி, இதை மூணா பிரிக்கணுமா நாலா?"

"மூணு. கியர் போடுத மாதிரி இழுக்காதீங்க."

"ஒரு பக்கம் பெருசாப் போகுதே."

"போனாப் போகுது. முடிச்சுப் போடுங்க."

அந்தக் கோணல் சடையோடுதான் பார்லருக்குப் போவேன். அழகு பண்ணுகிற இடத்தில் அப்படி ஒரு சடையோடு நின்றது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். முதலாளியம்மா என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் முடி வெட்டுவதிலிருந்தும் புருவம் எடுப்பதிலிருந்தும் எடுத்து, கால் கழுவி நகம் வெட்டுகிற வேலைக்கு மாற்றினார். தரையோடு ஒட்டின குட்டி முக்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்தது அது. சம்பளமும் அந்த அளவுக்கு இறங்கியது.

மாநகராட்சி ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரிடம் காட்டினேன். இளவயதுக்காரர், மராத்தி கலந்த இந்தியில் நிதானமாகப் பேசினார். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, சதையில் இறங்க வேண்டிய ஊசி கொஞ்சம் மேலே போய் மூட்டைச் சுற்றியுள்ள பைக்குள் இறங்கினால் இப்படி வீங்கி இறுகிப்போகலாம் என்றார். "ஆனா, அதனாலதான் இதுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். இந்த வயசுல தோள் இறுகிப்போறது சும்மாவும் வரும்" என்றும் சொன்னார். சீட்டில் 'இருக்கலாம்' என்கிற பொருளில்தான் எழுதினார். அந்த ஒரு வார்த்தை பின்னால் எங்களை எவ்வளவு அலைக்கழிக்கப் போகிறது என்று அப்போது தெரியாது.

மூன்று மாதம் கழித்து இரண்டாவது ஊசி. போடாமல் இருந்துவிடலாமா என்று கணவர் கேட்டார். எனக்கு அண்ணாச்சியை நாற்காலியில் தூக்கிப் போனது கண்ணுக்குள் இருந்தது. மாநகராட்சி மையத்துக்குப் போய் இடது கையை நீட்டினேன். அங்கே இருந்த நர்ஸ் வயதானவர். என்னை உட்காரச் சொன்னார், தானும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைக் கையை முழுக்கச் சுருட்டச் சொல்லி, தோள் எலும்பின் முனையை விரலால் தடவிக் கண்டுபிடித்து, அங்கிருந்து விரல்களைப் படுக்க வைத்துக் கீழே இறங்கி வந்து, சதை திரண்ட இடத்தில் போட்டார். போன தடவை வலது பக்கம் இங்கே போட்டார்கள் என்று தொட்டுக் காட்டினேன். அவர் பார்த்தார். பஞ்சைக் கொடுக்கும்போது என் முதுகில் லேசாகத் தட்டினார், அவ்வளவுதான். இடது கை மறுநாளே சரியாகிவிட்டது.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. மருந்தில் ஒன்றும் இல்லை. இறங்கின இடத்தில்தான் விஷயம்.

தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய் முறையிட்டேன். ஒரு கவுண்டரிலிருந்து இன்னொரு கவுண்டருக்கு அனுப்பினார்கள். கடைசியில் ஒரு பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, தடுப்பூசியின் பக்க விளைவு என்றால் அரசாங்கத்திடம் கேளுங்கள், எங்களிடம் ஒன்றும் இல்லை என்றான். பக்க விளைவு இல்லை, போட்ட இடம் தப்பு என்று நான் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

வழக்கு என்கிற நினைப்பே எனக்கு இல்லை. அது வந்தது ஒரு வாடிக்கையாளரால். மாதுங்காவிலிருந்து வருவார், வக்கீல். மகள் வீடு செம்பூரில் இருப்பதால் பேரனைப் பார்க்க வருகிற சாக்கில் என்னிடம் புருவம் எடுத்துக்கொண்டு போவார். பொதுமுடக்கத்துக்குப் பிறகு முதல் முறையாக வந்தவர், நான் தரையில் உட்கார்ந்து ஒரு அம்மாவின் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன இது, நீ ஏன் இங்க உக்காந்திண்டிருக்கே?"

"கை தூக்க வரலை மேடம்."

"ஏன், விழுந்துட்டியா?"

சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் மாறிற்று. புருவத்தை மறந்துவிட்டு, எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஊசி மருந்து மேல கேஸ் போட்டா அது வேற, அது பெரிய மலை. இது அது இல்லை. பணம் வாங்கிண்டு சேவை பண்ணினா, சரியாப் பண்ணணும். நுகர்வோர் ஆணையத்துல கேக்கலாம். ஜெயிச்சுடும்னு வாக்குக் குடுக்க மாட்டேன். கேக்கலாம், அவ்வளவுதான்."

"அந்தப் பொண்ணு வேலை போயிருமா மேடம்?"

"நாம கேக்கறது ஆஸ்பத்திரியை. அவளை இல்லை."

கணவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "கோர்ட்டு கீர்ட்டுன்னா லீவு போடணும்லா. முன்னாலயே சொல்லு, டூட்டி மாத்திக்கிடுதேன்" என்றார். அவர் சம்மதம் சொன்ன விதம் அது.

வக்கீல் நோட்டீசுக்கு ஆஸ்பத்திரி அனுப்பிய பதிலில், எனக்கு ஏற்கெனவே தோள் கோளாறு இருந்திருக்கும், என் தொழிலால் வந்தது என்று எழுதியிருந்தார்கள். அதை வக்கீல் எனக்குப் படித்துக் காட்டினார். பிறகு வழக்குப் பதிவாகி, தேதி போட்டு, தேதி தள்ளி, மறுபடி தேதி போட்டு, அது தன் போக்கில் போனது.

இதற்கிடையில் கேஸ் விஷயம் சந்து முழுக்கப் பரவிவிட்டது. ஒரு நாள் என் கொழுந்தன் தனக்குத் தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்தான். தடுப்பூசியே கூடாது என்று பேசுகிற ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவர். கையில் போனும், அதை நிறுத்தி வைக்க ஒரு கம்பியும் வைத்திருந்தார். வீட்டுக்குள் வெளிச்சம் போதாது என்று வாசலில் உட்காரச் சொன்னார்.

"ஒண்ணும் நெறைய பேச வேண்டாம்க்கா. ஊசி போட்டேன், கை போச்சு. யாரும் போடாதீங்க. இவ்வளவு சொன்னாப் போதும். லட்சம் பேர் பாப்பாங்க. கேஸுக்கும் பலம்."

"ஊசி போடாதீங்கன்னு நான் எதுக்குச் சொல்லணும்? ரெண்டாவதும் போட்டாச்சுல்லா. அந்தக் கை நல்லாத்தான் இருக்கு."

"அதைச் சொல்ல வேண்டாம். மொதல் ஊசியை மட்டும் சொல்லுங்க."

கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான். நான் எழுந்து, டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். அவர் குடிக்காமலே போனார். எனக்கு நடந்ததை நான் எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்காரர்களும் எழுதித் தருகிறார்கள், இவரும் எழுதித் தருகிறார் என்று அன்றைக்கு முழுக்க மனசு கிடந்து புழுங்கியது. ஆனால் அந்த மனிதர் வந்தது வேறு விதத்தில் நல்லதாகப் போயிற்று. சந்தில் சில பெண்கள் தங்கள் குழந்தைகளுக்குப் போட வேண்டிய ஊசிகளைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது, அவர் வந்துபோனதைப் பற்றிப் பேச்சு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. காரணம் என் கை. நானே போய்ப் பேசினேன். எதிர் வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு மையத்துக்குக் கிளம்பியபோது கூடவே போய், அது அழுது முடிக்கும் வரை தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தேன். இடது தோள்தான்.

ஆணையத்தில் ஒரு தேதியில், சமரசம் பேசிப் பார்க்கிறீர்களா என்று இரு தரப்பையும் கேட்டார்கள். இருவரும் சரி என்றோம். அதற்கென்று ஒரு அறை, வட்ட மேஜை, நடுவராக ஓய்வு பெற்ற ஒரு நீதிபதி. மராத்திக்காரர், மென்மையான குரல். ஆஸ்பத்திரி தரப்பில் ஒரு இளம் வக்கீலும், நரைத்த தலையோடு ஒரு மூத்த டாக்டரும் வந்திருந்தார்கள். ஏசி குளிரில் என் தோள் முணுமுணுக்க ஆரம்பித்தது. துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

அந்த வக்கீல், தினமும் கையை உயர்த்தி வேலை செய்கிறவர்களுக்குத் தோள் தேய்வது சகஜம் என்று ஆங்கிலத்தில் தொடங்கி இந்தியில் முடித்தான். எனக்குப் பதில் இருந்தது. ஆனால் தமிழும் இந்தியும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றுவிட்டன. கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம். நடுவர் அவனைக் கைகாட்டி நிறுத்தினார். அவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, என் பக்கம் தண்ணீர் டம்ளரை நகர்த்தினார்.

"கேஸை விடுங்க பெஹன். உங்களுக்கு என்ன வேணும், அதைச் சொல்லுங்க" என்றார் இந்தியில், தங்கையிடம் கேட்பது போல.

அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. எவ்வளவு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னேன். கை மேலே ஏறும் வரை வைத்தியம் வேண்டும். வேலை இறங்கிப்போன மாதங்களுக்கு ஈடு வேண்டும். அந்தப் பெண்ணை வேலையை விட்டு எடுக்கக் கூடாது. நின்றுகொண்டு போட்டால் ஊசி மேலே போய்விடுகிறது, அதனால் இனிமேல் ஊசி போடுகிறவர்களும் உட்கார்ந்து போட வேண்டும், சட்டையைக் கழுத்துப் பக்கம் இறக்கக் கூடாது, கையைச் சுருட்டத்தான் சொல்ல வேண்டும்.

என் வக்கீல் மேடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நடுவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வெளியே போனார். அவர்களோடு பேசுகிற சத்தம் வந்தது, வார்த்தை புரியவில்லை. வெகுநேரம் கழித்து வந்தார். வைத்தியத்துக்கு முழுசாக ஒப்புக்கொண்டார்கள், அவர்கள் செலவிலேயே. ஈடு, கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. அந்தப் பெண் மேல் நடவடிக்கை எதுவும் இல்லை. அவள் முன்பே கல்யாணமாகி ஊரோடு போய்விட்டாளாம். ஆனால் எப்படி ஊசி போட வேண்டும் என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் எழுத முடியாது. எழுதினால் முன்னே தப்பாகப் போட்டதாக ஒத்துக்கொண்டதாகிவிடும். அதோடு, எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளாமல் இதைத் தருகிறோம் என்று ஒரு வரி இருக்கும். ஆஸ்பத்திரி பெயரையும் தொகையையும் நான் யாரிடமும் சொல்லக் கூடாது என்று இன்னொரு வரி.

வெளியே வராந்தாவில் கணவர் உட்கார்ந்திருந்தார். மேடமும் நானும் போய்ச் சொன்னோம்.

"தப்பே இல்லன்னு எழுதுதாவ. அதுல நான் கையெழுத்துப் போடணுமாம்."

"அப்படியா எழுதிருக்கு?" என்று மேடத்தைக் கேட்டார்.

"தப்புன்னு ஒத்துக்கலைன்னு எழுதியிருக்கா. தப்பே நடக்கலைன்னு எழுதலை. நீங்க கையெழுத்துப் போட்டா, அவா சொல்றதை நீங்க ஒத்துண்டதா ஆகாது" என்றார் மேடம். பிறகு என்னைப் பார்த்து, "வேண்டாம்னா கேஸை நடத்தலாம். நான் நடத்தறேன். அந்த டாக்டர் 'இருக்கலாம்'னுதான் எழுதியிருக்கார், அதை வெச்சுண்டு ஜெயிக்கவும் செய்யலாம், தோக்கவும் செய்யலாம். வருஷமாகும். ஜெயிச்சாலும் அப்பீல் போவா. உன் கை, உன் முடிவு."

கணவர் என் பக்கம் திரும்பினார்.

"அவன் ஒத்துக்கிடணும்னு நெனச்சா, இன்னும் அஞ்சாறு வருசம் நான்தான் ஒனக்குச் சடை போடணும். எனக்கு ஒண்ணுமில்ல, போடுதேன். ஒனக்குச் சரியா?"

சிரித்துவிட்டேன். அந்தச் சடையைப் பற்றி மேடத்துக்கும் தெரியும், அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் நான் முடிவு பண்ணிவிட்டேன் என்று நினைக்கிறேன். எனக்கு வேண்டியது கை. உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன்.

லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது அந்த மூத்த டாக்டர் தனியாக வந்து பக்கத்தில் நின்றார். அவர் வக்கீல் உள்ளே காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். கையைத் தூக்கிக் காட்டுங்கள் என்றார். தூக்கினேன். முழங்கையைத் தாங்கிப் பிடித்து, மெதுவாகச் சுழற்றிப் பார்த்தார். டாக்டர் தொடுகிற தொடல் அது. எதிர்த்தரப்புக்காரர் தொடுகிற மாதிரி இல்லை.

"வரும். மெதுவா வரும். காட்கோபர் கிளையில இருக்கிற எங்க பிசியோதெரபிப் பொண்ணுகிட்ட போங்க, இங்க இருக்கிற கிளை வேண்டாம். அந்தப் பொண்ணு நல்லாச் செய்வா" என்றார். லிஃப்ட் வந்தது. ஏறாமல், என்னைப் பார்க்காமல், கதவைப் பார்த்துச் சொன்னார்: "இப்ப எல்லா கேம்புலயும் ஸ்டூல் குடுத்திருக்கோம்."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். கீழே வந்து கணவரிடம் சொன்னபோது, "பின்ன என்ன, அதுவும் கெடைச்சாச்சு" என்றார்.

மேடம் தன் ஃபீஸை வாங்கிக்கொண்டார். குறைத்துத்தான் வாங்கினார், ஆனால் வாங்கிக்கொண்டார். எனக்கு அது பிடித்திருந்தது. தர்மத்துக்குச் செய்ததாக இருந்தால், அடுத்த தடவை அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்திருக்கும்.

காட்கோபருக்கு சயானிலிருந்து ரயில். அந்தப் பிசியோ பெண் மலையாளி, ஒல்லியான உடம்பு, கையில் இரும்புப் பிடி. முதல் நாட்களில் அவள் தோளை அழுத்தும்போது அவளுக்குப் புரியாத நெல்லைத் தமிழில் திட்டுவேன். "ஏதோ கெட்ட வார்த்தைன்னு மட்டும் தெரியுது சேச்சி" என்பாள். சுவரில் விரல்களால் பூச்சி மாதிரி ஏறச் சொல்லிக் கொடுத்தாள். வீட்டில் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் தினமும் ஏறுவேன். ஏறி நின்ற இடத்தில் கணவர் பென்சிலால் கோடு போடுவார். சில வாரம் ஒரே கோட்டின் மேல் கோடு. பிறகு ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கோடுகள் சுவிட்ச் போர்டைத் தாண்டி மேலே போயின. இப்போது காதுக்குப் பக்கம் வரை வருகிறது. அதற்கு மேலே கொஞ்சம் மீதி இருக்கிறது. பரண் மேல் டப்பாவை எடுக்க முக்காலி போட்டுக்கொள்கிறேன்.

தொகையைச் சொல்லக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன் அல்லவா, அதனால் எங்கள் சந்தில் அதை ஆளாளுக்கு நிர்ணயித்துக்கொண்டார்கள். கேட்டால் சிரிப்பேன். சிரிக்கச் சிரிக்க அது ஏறிக்கொண்டே போகிறது. செம்பூரில் நான் ஃப்ளாட் வாங்கிவிட்டதாக ஒரு பேச்சு வந்தது. நாங்கள் பழைய வீட்டில் பழைய மின்விசிறிக்குக் கீழேதான் இருக்கிறோம் என்பது கண்ணெதிரே தெரிந்தும் அந்தப் பேச்சு நின்றபாடில்லை.

வாங்கினது ஒரு நாற்காலி. பார்லர்களில் இருக்கிற மாதிரி இல்லை, மிதித்தால் நன்றாகக் கீழே இறங்கி, படுக்கை மாதிரி சாய்கிற நாற்காலி. அதில் ஆள் சாய்ந்தால் என் முழங்கை உடம்போடு ஒட்டியிருக்கும், தோளை உயர்த்தாமலே புருவம் எடுக்கலாம், முடிக்கும் சாயம் பூசலாம். காட்டிப் பேசியதும் முதலாளியம்மா ஜன்னல் ஓரத்தைக் காலி பண்ணிக் கொடுத்தார். நாற்காலி என்னுடையது என்பதால், அதில் வருகிற பணத்தில் என் பங்கும் கூடியது.

அதில் முதலில் சாய்ந்தது பக்கத்து பாங்கில் வேலை செய்கிற ஒரு பெண். புருவத்துக்கு வந்தவர். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு பக்கம் முடித்து, மறுபக்கம் போகும்போது பார்த்தால், வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். வலிக்கிற வேலை அது. அதில் யாரும் தூங்கி நான் பார்த்ததில்லை. சத்தமில்லாமல் முடித்தேன். முகத்தைத் துடைத்து, வெயில் கண்ணில் விழாமல் திரையை இழுத்துவிட்டேன். எழுப்ப மனசு வரவில்லை. அடுத்து வர வேண்டியவர் இன்னும் வந்திருக்கவில்லை. கீழே போய் ஒரு டீ சொல்லிவிட்டு, அது வரும் வரை வாசலில் நின்று பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.